அலுமினியப் படகுக்கு மறுபிறவி

படகு என்று சொன்னால் துடுப்பு வேண்டும். துடுப்பு இல்லாவிட்டால் பாய் வேண்டும். பாயும் இல்லாவிட்டால் தண்ணீருக்கடியில் சுழலும் விசிறியாவது வேண்டும். இந்த மூன்றும் இல்லாமலே ஓடும் படகு ஒன்று உலகத்தில் உண்டு. அது ஆற்று ஜலத்தைத் தன் வயிற்றின் வழியாக உறிஞ்சிப் பின்புறமாகப் பீச்சி அடிக்கிறது. அந்த உதையிலேயே முன்னே பாய்கிறது. வேகம் பிடித்து விட்டால் சில அங்குல ஆழத் தண்ணீரே அதற்குப் போதும். கூழாங்கல்லும் பாறையும் நிறைந்த மலையாறுகளில், மற்ற மோட்டார் படகுகள் தலைகாட்ட அஞ்சும் இடங்களில், எதிர் வெள்ளத்திலே ஏறிச் செல்லும். அதற்கு ஜெட் படகு என்று பெயர்.

அமெரிக்க தேசத்தின் வடமேற்கு மூலையிலுள்ள ஆரிகன், வாஷிங்டன், ஐடஹோ ஆகிய மாகாணங்களிலும், அவற்றுக்கு வெகு வடக்கே அலாஸ்காவிலும் இந்தப் படகுகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஸால்மன் மீனும், ஸ்டீல்ஹெட் என்னும் மீனும் கடலிலிருந்து ஆறுகளில் ஏறி வரும் பருவத்தில், தூண்டிலும் கையுமாக ஜனங்கள் இவற்றில் கிளம்பி விடுகிறார்கள். புதிய படகு வாங்குவதென்றால் புதிய மோட்டார் கார் வாங்குவது போன்ற செலவு. ஆகையால் முப்பது, நாற்பது வருஷங்களுக்கு முன் செய்த பழைய அலுமினியப் படகு ஒன்றை மலிவாக வாங்கி, வீட்டுக் கார்க் கொட்டகையில் நிறுத்தி, குளிர்கால மாலை வேளைகளில் தாங்களே பிரித்துப் பூட்டிப் புதுப்பித்துக் கொள்வோரும் அங்கே உண்டு.

"நல்ல பொழுதுபோக்கு!" என்று நேயர்கள் புன்னகை செய்யலாம். ஆனால் இதில் பொழுதுபோக்குக்கு மேற்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. வசந்த காலம் வந்ததும் அதே படகில்தான் அந்த மனிதர் தம் மனைவி மக்களை ஏற்றிக் கொண்டு, பனி உருகிப் பெருகி வரும் ஆற்றில் செல்லப் போகிறார். மேலே பூசிய வர்ணம் அவர்களைக் காப்பாற்றாது. கண்ணுக்குத் தெரியாத இடங்களில் அவர் செய்த வேலை யோக்கியமானதா, இல்லையா என்பதை ஆறு பரீட்சை செய்து பார்த்து விடும்.

ஆட்டுப் பண்ணையில் பிறந்த படகு

வீட்டுக் கொட்டகைக்கும் ஜெட் படகுக்கும் உள்ள உறவு புதியதன்று. இந்தப் படகு பிறந்ததே அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான்.

நியூஜீலாந்தின் தென் தீவில் மக்கென்ஸி பிரதேசம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே 'ஐரிஷ்மன் க்ரீக்' என்ற ஆட்டுப் பண்ணைக்குச் சொந்தக்காரராக இருந்தவர் வில்லியம் ஹாமில்டன். 1899-ஆம் வருஷத்தில் பிறந்தவர். பண்ணையிலேயே ஒரு பட்டறை வைத்து, மண் வெட்டிக் குவிக்கும் யந்திரங்களைத் தாமே அமைத்து வந்தார். மோட்டார் காரிலும் அவருக்கு மோகம் உண்டு. 1930-இல் இங்கிலாந்து சென்று புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் வெற்றி பெற்றுத் திரும்பினார்.

அவருடைய வீட்டைச் சுற்றியிருந்த ஆறுகள் விசித்திரமானவை. அகலமான கூழாங்கல் படுகையில் பல கால்களாகப் பிரிந்தும் கூடியும் ஓடுபவை. வேகம் அதிகம், ஆழம் குறைவு. விசிறி வைத்த படகு அவற்றில் சென்றால் விசிறி கல்லில் மோதி உடையும். இந்த ஆறுகளில் மேல்நோக்கிச் செல்ல ஒரு படகு வேண்டும் என்பது ஹாமில்டனின் நெடுநாள் ஆசை. வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்த ஆசையைக் கையில் எடுத்துக் கொண்டார்.

முதலில் ஒரு பம்பைப் படகில் பொருத்தி, அடியிலிருந்து உறிஞ்சிய தண்ணீரைப் படகின் அடியிலேயே பீச்சச் செய்தார். படகு நகர்ந்தது, ஆனால் வேகம் திருப்திகரமாயில்லை. பிறகு, தண்ணீர் வெளியேறும் மூக்கை மேலே தூக்கி, படகின் பின்பலகை வழியாக நீர்மட்டத்துக்கு மேலே, காற்றிலே பீச்சும்படி மாற்றி வைத்தார். உடனே வேகம் கூடியது. அடியில் நீட்டிக் கொண்டு நின்ற உறுப்பு தண்ணீரைக் கிழித்துத் தடை செய்ததும் ஒழிந்தது. கல்லில் இடிபடும் பயமும் ஒழிந்தது. 1954-இல் இவ்வகைப் படகு உருப்பெற்றது.

ஜெட் முறையைத் தாமே கண்டுபிடித்ததாக ஹாமில்டன் ஒருபோதும் உரிமை கொண்டாடவில்லை. அந்தப் பெருமை பழைய கிரேக்க ஞானி ஆர்க்கிமிடீஸுக்கே உரியது என்று வேடிக்கையாகச் சொல்லி விடுவார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ரம்ஸே என்பவர் 1787-லேயே நீராவிப் பம்பினால் தண்ணீரைப் பின்னே தள்ளிப் படகு ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஹாமில்டனின் சாமர்த்தியம், பழைய யோசனையைக் காரியத்துக்கு உதவும்படி செய்ததுதான். 1960-இல் அவருடைய யந்திரங்கள் பொருத்திய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ நதியில், உலகப் பிரசித்தி பெற்ற மகா பள்ளத்தாக்கினூடே, எதிர் வெள்ளத்தில் ஏறிச் சென்றன. அதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் படகுகள் இறங்கி வந்ததுண்டு, ஏறிச் சென்றதில்லை. 1974-இல் ஹாமில்டனுக்கு 'ஸர்' பட்டம் கிடைத்தது. 1978-இல் அவர் காலமானார்.

இந்த வம்சத்துப் படகுகள் நம் பாரத பூமிக்கும் வந்திருக்கின்றன. டென்ஸிங்குடன் 1953-இல் எவரெஸ்ட் சிகரம் ஏறிய ஸர் எட்மண்ட் ஹில்லரியும் நியூஜீலாந்துக்காரரே அல்லவா? அவர் 1977-இல் மூன்று ஜெட் படகுகளைக் கொண்டு வந்து, கங்கை கடலில் கலக்கும் கங்கா சாகரத்தில் புறப்பட்டு, அந்தப் புண்ணிய நதியில் எதிர்த்துச் சென்றார். காசியையும் பிரயாகையையும் கடந்து, ஹரித்வாரத்துக்கு அப்பால் மலைக்குள்ளே நுழைந்து, இமாலயத்தின் வெண்ணுரை கொப்பளிக்கும் வெள்ளத்தில் ஏறினார். நந்தப் பிரயாகைக்கு அருகே ஓர் அருவி குறுக்கிட்டுப் படகுகளை நிறுத்தியது. அதற்கு மேல் கால்நடையாகவே சென்றார்கள். மானிட சாமர்த்தியம் எதுவரை செல்லலாம் என்பதற்குக் கங்கா மாதா அங்கே ஒரு கோடு கிழித்து வைத்திருந்தாள் போலும்.

ஓட்டும் சூத்திரம்

ஜெட் படகின் யந்திரம் பெரிய மாயவித்தை ஒன்றுமில்லை. நம் தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பம்பைப் படுக்க வைத்தது போன்றதுதான். கலிபோர்னியாவில் விவசாயப் பம்புகள் செய்து வந்த பெர்க்லி கம்பெனி இத்துறையில் பேர் பெற்றதும் இந்த உறவு பற்றியே.

படகின் அடித் தகட்டில் ஒரு வாய் இருக்கிறது. கல்லும் கட்டையும் நுழையாதபடி அதற்குக் கம்பி அழி போட்டிருக்கும். வாய்க்கு மேலே ஒரு குழாய். குழாய்க்குள் சுழலும் சக்கரம். யந்திரம் அந்தச் சக்கரத்தைச் சுழற்றும்போது தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. சக்கரத்துக்குப் பின்னே அசையாத சிறகுகள் சில உண்டு. அவை தண்ணீரின் சுழற்சியை அடக்கி நேராக ஓட வைக்கின்றன. அப்பால் குறுகிய மூக்கு வழியாகத் தண்ணீர் அதிவேகத்தில் வெளியே பாய்கிறது. நெருப்பணைக்கும் சேவகர் குழாயைப் பிடித்திருக்கும்போது அது அவரைப் பின்னே தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தள்ளுதலே இந்தப் படகின் ஜீவன்.

மூக்கை இடமும் வலமும் திருப்பினால் படகு திரும்பும். பின்னே செல்ல வேண்டுமானால் யந்திரத்தை எதிர்ப்புறம் சுழற்ற வேண்டியதில்லை. வாளி போன்ற ஒரு மூடியை மூக்கின் முன் இறக்கினால் போதும். தண்ணீர் அதில் மோதி முன்புறமாகத் திரும்பி, படகைப் பின்னுக்குத் தள்ளும்.

ஏன் அலுமினியம்?

நம் சமையலறையில் அடுக்கி வைத்திருக்கும் அலுமினியம் ஒரு காலத்தில் ராஜாக்களின் உலோகமாக இருந்தது. 1886-இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும், பிரான்ஸில் ஹெரூல் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தைக் கொண்டு அதைச் சுலபமாகப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார்கள். இருவரும் 1863-இல் பிறந்தவர்கள். இருவரும் 1914-இல் மறைந்தவர்கள். அவர்களால் அலுமினியம் ஏழை வீட்டுக்கும் வந்தது. சென்னையில் 1898-ஆம் வருஷத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் கலாசாலைப் பட்டறையில் அலுமினியப் பாத்திரத் தொழிலை ஆரம்பித்தது, நம் நாட்டுக் கைத்தொழில் சரித்திரத்தில் குறிப்பிடத்தக்க சம்பவம்.

எடையைப் பார்த்தால் அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். மக்னீஸியம் கலந்த அலுமினியத் தகடு தண்ணீரில் நெடுங்காலம் உழைக்கும். ஆற்றுப் படகுக்கு அதைவிட முக்கியமான குணம் ஒன்று இருக்கிறது: கல்லில் மோதினால் பெரும்பாலும் நசுங்குமே தவிர, விரிந்து பிளந்து விடாது. நசுங்கிய இடத்தைத் தட்டி எடுக்கலாம். அதனாலேதான் நாற்பது வருஷத்துப் படகையும் மறுபடி ஆற்றுக்கு அனுப்ப முடிகிறது.

விலை பேசும் முன்

ஒருவர் பதினெட்டு அடி நீளமுள்ள பழைய படகு ஒன்றைப் பார்க்கப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது படகையல்ல, காகிதங்களை. அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு செய்த படகுகளில் பன்னிரண்டு எழுத்துக்களும் எண்களும் கொண்ட அடையாளக் குறி பின்பலகையில் பொறிக்கப்பட்டிருக்கும். அது காகிதத்தோடு ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், எத்தனை மலிவானாலும் வந்த வழியே திரும்புவது விவேகம்.

அடுத்தபடி, யந்திரத்தைப் பார்க்க வேண்டும். இப்படகுகளில் பெரும்பாலும் ஃபோர்டு, ஷெவர்லே போன்ற மோட்டார் கார்களின் எட்டு ஸிலிண்டர் எஞ்சின்களையே நீருக்கு ஏற்றபடி மாற்றிப் பொருத்தியிருப்பார்கள். ஆற்று ஜலமே அதைக் குளிர்விக்கிறது. குளிர்காலம் வரும்போது உள்ளே தங்கிய தண்ணீரை வடிக்க மறந்தால், அது உறைந்து, பருத்து, வார்ப்பிரும்பை விரியச் செய்து விடும். அலட்சியமான சொந்தக்காரரின் ஒரு நாள் மறதி, நல்ல எஞ்சினைப் பழைய இரும்பாக்கி விடும். ஆகையால் விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துத் தேட வேண்டும்.

மூன்றாவது சோதனை மிகவும் எளிது. சாதாரணமாகப் படகு தண்ணீரில் நின்றால் ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே வரும். அதைத் தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும்: படகை வண்டியில் நிறுத்தியபடியே உள்ளே சில அங்குல உயரம் தண்ணீர் விட்டு, அடியில் படுத்துக் கொண்டு பார்த்தால், எந்த எந்த இடத்தில் சொட்டுகிறது என்று தெரிந்து விடும். சொட்டும் இடத்தில் எல்லாம் சாக்கட்டியால் குறியிட்டுக் கொள்ளலாம். அதிகம் நிரப்பக் கூடாது. ஒரு கன அடித் தண்ணீர் சுமார் 62 ராத்தல் எடையுள்ளது. ஆசைப்பட்டு நிரப்பினால் வண்டியே முறிந்து விடும்.

தரைக்கு அடியில்

இனித்தான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. படகின் உள்தரையைப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

பழைய படகுகளில் தரைப் பலகைக்கும் அடித் தகட்டுக்கும் நடுவே மிதக்கும் நுரைப் பொருள் அடைத்திருப்பார்கள். அலுமினியம் தண்ணீரைவிட 2.7 மடங்கு கனமானது. படகில் தண்ணீர் நிறைந்து விட்டால் இந்த நுரைதான் அதை மிதக்க வைக்க வேண்டும். ஆனால் பல வருஷ காலம் ஈரத்திலேயே கிடந்தால் நுரையும் தண்ணீர் குடித்து விடுகிறது. பத்து கன அடி நுரையில் பாதி அளவு தண்ணீர் ஏறியிருந்தால் 310 ராத்தல் பாரம்! இரண்டு ஆசாமிகளை எப்போதும் தரைக்கடியில் ஒளித்து வைத்துக் கொண்டு பிரயாணம் செய்வது போன்றது. படகு ஏன் முன்போல் எழும்பி ஓடவில்லை என்று எஞ்சினைக் குறை சொல்பவர்கள், தரையைத் திறந்து பார்த்த பிறகு பேசுவது நலம்.

ஊறிய நுரை வேறொரு தீமையும் செய்கிறது. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே மிக மெல்லிய சவ்வு ஒன்று படிகிறது. அதுவே அதன் கவசம். கவசத்தில் கீறல் விழுந்தால் காற்றிலுள்ள பிராணவாயு அதை உடனே மூடி விடும். ஆனால் ஈர நுரையோ சேறோ அழுகிய இலையோ ஒட்டிக் கிடக்கும் இடத்தில் பிராணவாயு எட்டாது. அங்கே கவசம் அழிந்து, உலோகம் அம்மை வார்த்த முகம் போல் குழி விழுகிறது. வெளியே பளபளவென்றிருக்கும் தகடு உள்ளே சல்லடையாகிக் கொண்டிருக்கும்.

புதிய தரை போடும்போது மற்றோர் ஆபத்து காத்திருக்கிறது. கடையில் கிடைக்கும் மரப் பலகைகளில் சில, உளுக்காமல் இருப்பதற்காகச் செப்பு உப்பில் ஊற வைத்தவை. வீட்டுத் தாழ்வாரத்துக்கு அவை சிறந்தவை. அலுமினியப் படகுக்கு அவை விஷம். ஈரம் பட்டதும் செம்பு அலுமினியத்தைத் தின்ன ஆரம்பித்து விடும். அலுமினியப் பாத்திரத்தில் புளி கரைத்து வைக்கக் கூடாது என்று நம் பாட்டிமார் சொல்வதில்லையா? செம்பு அதற்குப் புளியைவிடப் பொல்லாத சத்துரு. தரையிடுக்கில் விழுந்த செப்புக் கம்பித் துண்டு ஒன்றே காலக்கிரமத்தில் தகட்டில் துளை போட வல்லது. ஆகையால் கப்பலுக்கென்று செய்த பிளைவுட்டை எல்லா விளிம்பும் மூடும்படி பிசின் பூசிப் போடலாம். அல்லது அலுமினியத் தகட்டையே தரையாக அமைக்கலாம். எவர்ஸில்வர் ஆணி முடுக்கும் இடத்தில் இரண்டு உலோகமும் நேரே தொடாதபடி இடையே பிளாஸ்டிக் வளையம் வைப்பது வழக்கம்.

பழைய நுரையை எடுத்தெறிந்தவர், புது நுரை வைக்காமல் தரையை மூடி விடுவதும் உண்டு. படகு இலேசாகிறது, ஓட்டமும் அழகாயிருக்கிறது. ஆனால் ஒரு நாள் தண்ணீர் நிரம்பினால் அந்தப் படகு கல்லைப் போல் கீழே போகும். இருபது அடிக்குக் குறைந்த படகுகளுக்கு மிதவைப் பொருள் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் செய்யப்பட்டது காரணமில்லாமல் அல்ல.

பற்ற வைக்கும் வித்தை

விரிசலை அடைப்பது நுட்பமான வேலை. இரும்பைப் பற்ற வைத்துப் பழகிய கை அலுமினியத்தினிடம் ஏமாந்து போகும். இரும்பு உருகுவதற்கு முன் சிவந்து, வெளுத்து, எச்சரிக்கை செய்கிறது. அலுமினியம் நிறம் மாறாமலே சும்மா இருந்து, 660 டிகிரியில் திடீரென்று உருகிக் கீழே விழுந்து விடும். அதன் மேலுள்ள சவ்வோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். சவ்வைத் துருப்பிடிக்காத எஃகு பிரஷினால் தேய்த்து அகற்றாவிட்டால், பற்று உள்ளே பிடிக்காது. பார்வைக்கு மட்டும் ஒட்டியது போலிருக்கும். காற்றுப் படாமலிருக்க ஆர்கான் வாயுவைப் பாய்ச்சிக் கொண்டே வேலை செய்ய வேண்டும். விரிசல் மேலும் ஓடாமலிருப்பதற்கு அதன் முனையில் சிறு துளை போட்டு நிறுத்தி, பிறகு பற்ற வைப்பது நல்ல தொழிலாளியின் முறை.

இந்த வித்தை தெரியாதவர்கள் படகைத் தேர்ந்த தொழிலாளியிடம் கொண்டு போய் விடுகிறார்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. வீட்டிலே செய்வது என்றால் எல்லாவற்றையும் நாமே செய்வது என்று அர்த்தமல்ல; எதை நாம் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அறிவதும் அதில் சேர்ந்ததே. ஆனால் பெட்ரோல் தொட்டியையும் பழைய நுரையையும் அப்புறப்படுத்திய பிறகே நெருப்பைக் கிட்டே கொண்டு போக வேண்டும்.

பம்பின் வைத்தியம்

சுழலும் சக்கரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். ஆறு கொண்டு வரும் மணல் ஒவ்வொரு நாளும் அதை அராவிக் கொண்டேயிருக்கிறது. இடைவெளி பெருகினால், தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு சுற்றிக் கொண்டு பின்னுக்கே வந்து விடும். எஞ்சின் உறுமும், பெட்ரோல் செலவாகும், படகு மட்டும் சோம்பலாகச் செல்லும். வளையத்தை மாற்றி, சக்கரத்தின் விளிம்பில் கல் பட்டு வளைந்த இடங்களை அராவிச் சரி செய்து விட்டால், கிழப் படகுக்கு வாலிபம் திரும்புகிறது.

சுழலும் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் ஒழுகாமலிருக்க, பலவற்றில் நம் ஊர்ப் பம்புகளைப் போலவே கிளாண்டுக் கயிறு சுற்றியிருக்கும். புதுக் கயிறு போட்ட உற்சாகத்தில் அதை ஒரேயடியாக இறுக்கி விடக் கூடாது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்தால்தான் தண்டு குளிர்ந்திருக்கும்; முற்றும் அடைத்து விட்டால் சூடேறித் தேய்ந்து போகும். தண்டைத் தாங்கும் பேரிங்கில் கரகரப்பு இருந்தால் அதையும் தயங்காமல் மாற்ற வேண்டும்.

சிக்கனம் கூடாத இடம்

இந்த மறுபிறவியில் உயிருக்கே உலை வைக்கக் கூடியது பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது. நம் சமையல் வாயுவைப் போலவே, கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும். மோட்டார் காரில் கசிந்தால் அடிவழியே காற்றோடு போய் விடும். படகின் அடியில் ஓட்டை ஏது? ஆவி அங்கேயே குளம் போல் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

கார் எஞ்சினும் படகு எஞ்சினும் ஒன்றுதானே என்று, கார்க் கடையில் ஸ்டார்ட்டரும் மின்சார டைனமோவும் வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உருவத்தில் வித்தியாசம் தெரியாது; விலையில் நன்றாகத் தெரியும். ஆனால் படகுக்கென்று செய்த சாமானில், உள்ளே உண்டாகும் பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றாதபடி அடைத்திருக்கிறார்கள். கார்ச் சாமானில் அந்தக் காப்பு இல்லை. கார்புரேட்டரின் வாயில் தீச்சுடரைத் தடுக்கும் வலையும் படகுக்கு அவசியம். நாள்பட்ட ரப்பர்க் குழாய்களை ஒன்று விடாமல் மாற்ற வேண்டும். எஞ்சின் அறையிலுள்ள காற்றை வெளியேற்றும் விசிறியைப் புறப்படுவதற்கு முன் குறைந்தது நான்கு நிமிஷமாவது ஓட விட வேண்டும் என்பது அமெரிக்கக் கடற்காவல் இலாகாவின் போதனை. அதோடு மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதும் நல்லது. மனிதன் மூக்கைப் போன்ற சோதனைக் கருவி இன்னும் மலிவாகக் கிடைக்கவில்லை.

தரைக்கு வர்ணம் பூசாவிட்டால் என்ன? ஆசனத்துக்குப் பழைய துணியே இருந்தால் என்ன? சிக்கனத்தை அங்கே காட்டலாம். பெட்ரோலும் மின்சாரமும் சேரும் இடத்தில் காட்டும் சிக்கனம் மிகவும் விலை உயர்ந்த சிக்கனமாகும்.

வெள்ளோட்டம்

எல்லாம் முடிந்து படகு தண்ணீரில் இறங்குகிறது. முதல் நாள் குடும்பத்தாரை ஏற்றிக் கொள்ளாமல், அமைதியான இடத்தில், துணைக்கு ஒருவருடன் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பதே முறை. கரையை விட்டகன்றதும் தரைக்கடியில் தண்ணீர் சேர்கிறதா, எஞ்சின் சூடேறுகிறதா என்று பார்த்துக் கொண்டேயிருக்க வேண்டும்.

ஜெட் படகை ஓட்டுகிறவர் ஒரு புதிய பாடம் கற்றுக் கொள்ள வேண்டும். ஆபத்து எதிரே வந்தால் வேகத்தைக் குறைப்பது மனித சுபாவம். விசிறிப் படகில் வேகம் குறைந்தாலும், பின்னேயுள்ள சுக்கான் ஓரளவு திருப்பிக் கொடுக்கும். ஜெட் படகிலோ, பீச்சும் தண்ணீர்தான் சுக்கான். பாறையைக் கண்டு பயந்து எஞ்சினை அடக்கினால், திருப்பும் சக்தியும் அடங்கி, படகு நேரே பாறையை நோக்கியே போகும். அபாயத்தில் கையை விடாமல், சக்தியைக் கொடுத்துக் கொண்டே விலக வேண்டும். வாழ்க்கைக்கும் பொருந்தும் உபதேசம் இது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஆற்றில் அது வெறும் வேதாந்தமல்ல, உயிர் தப்பும் வழி. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானே நின்று விடும்படி உடலோடு பிணைக்கும் கயிறு ஒன்றும் உண்டு. 26 அடிக்குட்பட்ட படகுகள் பெரும்பாலானவற்றில் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் சட்டம்.

ஆற்றுக்கும் நாம் செய்ய வேண்டிய மரியாதை ஒன்றிருக்கிறது. ஸால்மன் மீன் ஆழமில்லாத சரளைப் படுகையில் குழி பறித்து முட்டையிடுகிறது. சில அங்குலத் தண்ணீரில் ஓட முடியும் என்பதற்காக அந்தப் படுகைகளின் மேல் படகைச் செலுத்தினால், பீச்சும் நீரின் வேகத்தில் முட்டைகள் சேதமடையக் கூடும். மீன் பிடிக்கப் போகிறவரே மீன் குலத்தை அழிக்கலாமா? முட்டையிடும் பருவத்தில் ஆழமான காலிலேயே செல்வது நல்ல படகோட்டிக்கு அடையாளம்.

பழையதைப் புதுப்பித்தல்

பழைய பொருள் என்றால் எறிந்து விட்டுப் புதியது வாங்கும் காலம் இது. நம் நாட்டிலோ ஈயம் பூசுகிறவர், சாணை பிடிக்கிறவர், குடை தைக்கிறவர் எல்லாரும் வீதியில் குரல் கொடுத்துக் கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அந்தத் தொழில்களின் தத்துவம் பழைய சாமானை மதிப்பதல்ல. அதைச் செய்த உழைப்பை மதிப்பது. தூரதேசத்தில் ஒரு கொட்டகையில் அலுமினியப் படகைப் புதுப்பிக்கிறவரும் அதே தத்துவத்தைத்தான் கைக்கொள்கிறார். யந்திரங்கள் நிறைந்த நாட்டில் வாழ்ந்தாலும், தாம் உபயோகிக்கும் யந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் அதற்கு அடிமையாயிருக்க அவர் விரும்பவில்லை.

சுதந்திரம் என்பதற்கு அநேக அர்த்தங்கள் உண்டு. தன் கையால் பிரிக்கவும் பூட்டவும் தெரிந்திருப்பது அவற்றில் ஒன்று. ஆனால் அந்தச் சுதந்திரத்தோடு ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. கம்பெனி செய்த படகு கெட்டால் கம்பெனியைக் குறை சொல்லலாம். தானே புதுப்பித்த படகில் குழந்தைகளை ஏற்றுகிறவர் யாரைக் குறை சொல்வார்? ஆகையால்தான் அவர் தரையை ஆணி அடித்து மூடுவதற்கு முன், விளக்கைக் கையில் எடுத்துக் கொண்டு, இனி யாரும் பார்க்கப் போகாத அந்த இருட்டு மூலைகளையெல்லாம் இன்னொரு தடவை பார்க்கிறார்.